அந்தப் பன்றிக்குட்டியை நான் வைக்கவில்லை

பிரோத்
நவம்பர் 29

அன்பு மகன் போயானுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகள் சில்யேயும் குட்டி தியாவும் நார்வேயின் அந்த ஓயாத இருட்டிலும் குளிரிலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே என் உடம்பில் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். மனசுதான் ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம், ஆனால் நீ மூன்றாவது வாக்கியத்திலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தை அப்படி வாயடைக்க முடியாது, ஆகவே உட்கார்ந்து முழுவதையும் படி.

போன மே மாதம் நம் வீட்டில் சினிமா எடுத்தார்களே, அந்தப் படம் வெளிவந்துவிட்டது. உன் ஊரில் இருக்கும் நம்மவர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு வந்து, "உங்கம்மா நிக்கோலா நாள்ல பன்னிக்குட்டி வெச்சாங்களாமே" என்று கேட்பதற்கு முன்னால் உண்மையை என்னிடமிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பன்றிக்குட்டியை நான் வைக்கவில்லை. போன சனிக்கிழமை பண்பாட்டு மன்றத்தில் படம் போட்டார்கள், பாதி ஊர் வந்திருந்தது, என்னை இரண்டாவது வரிசையில் நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நம் சாப்பாட்டு அறை வருகிறது, நம் கிழக்குச் சுவர், அதில் உன் தாத்தா காலத்துப் புனித நிக்கோலா திருவுருவம், ஜன்னலுக்கு வெளியே பனி. கதைப்படி அன்றைக்கு டிசம்பர் பத்தொன்பது, அந்த வீட்டுப் புனிதரின் நாள், ஸ்லாவா. என் இரண்டு கைகளும் திரை முழுக்கப் பெரிதாக, நடிகையின் சட்டைக்கையை மாட்டிக்கொண்டு, மேசையில் மொச்சை நிறைந்த ஒரு மண்சட்டியை இறக்கி வைக்கின்றன. அடுத்த நொடி சட்டியைக் காணோம். அதே இடத்தில் வாயில் ஆப்பிளைக் கவ்விக்கொண்டு சுட்ட முழுப் பன்றிக்குட்டி ஒன்று படுத்திருக்கிறது! கிறிஸ்துமஸ் நோன்புக்கு நட்டநடுவில், பால் கூடத் தொடாத நாளில், நிக்கோலா சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது! அரங்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்த பாதிரியார் குனிந்து, "டீச்சர், ஆப்பிளை மட்டும்தானே சாப்பிட்டீங்க?" என்றார். அதுகூடப் பரவாயில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "ஸ்லாவா மேசை: லியுபின்கா மானிச், பிரோத்" என்று கொட்டை எழுத்தில் வந்தது. கைதட்டினார்கள். நான் நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

முப்பத்து நான்கு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பிள்ளை பரிசோதனையே செய்யாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து விடை எழுதினால் காதைத் திருகிவிட்டு மன்னித்துவிடுவேன். ஆனால் வேறொருத்தி செய்த பரிசோதனைக்குக் கீழே தன் தப்பு விடையை எழுதி, அவள் பெயரையே போட்டு நீட்டினால் எப்படி மன்னிப்பது? அடுத்த நாளே அந்தப் படக் கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பதில் வந்தது, மூன்று வரி. அம்மையாருக்கு ஏற்பட்ட வருத்தத்துக்கு வருந்துகிறோம், படம் வெளிநாட்டு விழாக்களுக்குப் போகிறது, வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு மொச்சை ஒரு விருந்தாகத் தெரியாது. இப்படி எழுதுவதற்கு ஒரு மனிதன் சம்பளம் வாங்குகிறான். விருந்தாகத் தெரியாதாம். தெரியவைப்பதற்குத்தானே ஐயா அவ்வளவு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்!

நீ இப்போது சிரிப்பாய், தெரியும். மொச்சைக்காகச் சண்டைபோட உலகத்தில் கடைசி ஆள் உன் அம்மா. கல்யாணமான முதல் வாரத்திலேயே நான் போட்ட சூப்பைக் குடித்துவிட்டு உன் அப்பா கரண்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார், அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் அதைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் டிப்போவில் எஞ்சின் கழற்றிவிட்டு வந்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவர் அடுப்பில் நிற்பார், நான் அடுக்களை மேசையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டு திருத்துவேன். சாப்பாடு என்பது இரண்டு நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில் வருகிற இடைஞ்சல் என்றுதான் எனக்கு நினைப்பு. அவர் மண்சட்டி மொச்சையை நான் வாய்வுக் கோளாறு என்றே கூப்பிடுவேன், உனக்கு நினைவிருக்கும். அவர் போன பிறகு முதல் டிசம்பரில் உன் அத்தை வந்து சமைத்துக்கொடுத்தாள், போன டிசம்பரில் அவளுக்குக் கண் அறுவை, நானும் நிஷ் நகரத்தில் அவளுடன் இருந்ததாக உன்னிடம் சொன்னேன். வீடு பூட்டிக் கிடந்தது. அதை வைத்துத்தான் இந்த வருடம் நீ டிசம்பர் பதினேழாம் தேதிக்கு விமான டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாய், உன் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. "உனக்குத்தான் சமைக்கவே பிடிக்காதே, அப்பாவும் இல்ல, யாருக்காகம்மா இதெல்லாம், ஸ்லாவாவை விட்டுரு, இங்க வந்துரு" என்றாய். அதற்கு நான் வருகிறேனா இல்லையா என்று இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதமே அந்தப் பதில்தான், ஆனால் மே மாதத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

மே இருபத்தொன்று மதியம். ஐந்து நாளாக நம் வீட்டில் விளக்கும் கம்பியுமாக இறைத்துப் போட்டிருந்தார்கள், ஜன்னல் விளிம்பில் வெள்ளை நுரையை அடித்துப் பனி என்றார்கள், வெளியே அக்கேசியா மரம் பூத்துக் கொட்டுகிறது. தெயோடோரா என்று ஒரு பெண், பெல்கிரேடுக்காரி, உணவு அலங்காரம் அவள் பொறுப்பு, நல்ல பெண்தான், ஒரு தட்டில் அந்தப் பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கோலாவுக்கு நேர் கீழே வைத்தாள். நான் எழுந்தேன். "பொண்ணே, இது யார் நாள்?" என்றேன். "ஸ்லாவாதானே மேடம்" என்றாள். "எந்தப் புனிதருக்கு?" என்றேன். சுவரைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் சொன்னேன். நிக்கோலாவுக்கு வருடத்தில் இரண்டு நாள், மே இருபத்திரண்டில் ஒன்று, அது கோடை நிக்கோலா, அன்றைக்கு நோன்பு இல்லை, பன்றி வை, ஆடு வை, யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் ஜன்னலில் பனி அடித்துவிட்டாயே, பனி இருந்தால் டிசம்பர், டிசம்பர் என்றால் நோன்பு, நோன்பு என்றால் மீனும் மொச்சையும். ஒன்று பனியைத் துடை, இல்லை பன்றியை எடு, இல்லை என் நிக்கோலாவைக் கழற்றிக் கொடு. அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்டுல ஸ்லாவாவுக்கு அம்மா எல்லாத்தையும் ஆர்டர் பண்ணிருவாங்க மேடம், எனக்குத் தெரியல" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இரண்டு நாள் முன்னால்தான் நீயும் தொலைபேசியில், "டிசம்பர்ல கடையில சொல்லிட்டா போதும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லியிருந்தாய்.

இயக்குநர் வந்தார், ஐம்பது வயது, தலைமுடியைப் பின்னால் வால் மாதிரி கட்டியிருப்பார். பனியும் வேண்டும், திருவுருவமும் வேண்டும், வெளிச்சம் அதில் அழகாக விழுகிறதாம். "அப்ப மொச்சைதான் வேணும்னா நீங்களே செஞ்சு குடுங்க டீச்சர். நாளைக்குப் பதினோரு மணிக்கு மேசையில இருக்கணும்" என்றார். வாய் தவறி நான் "ஆகட்டும்" என்றுவிட்டேன். கோபத்தில் இருக்கிறவள் யோசிக்க மாட்டாள். அன்றிரவு ஒரு கிலோ வெள்ளை மொச்சையை ஊறப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலை ஐந்து மணிக்கு அடுப்பு முன்னால் போய் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. உன் அப்பா எதையும் எழுதி வைக்கவில்லை, நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. வாணலியை எடுத்தேன், வைத்தேன், எந்தக் கரண்டி என்றுகூடத் தெரியவில்லை. கால் வலித்து மேசையில் என் பழைய இடத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. நான் பார்த்ததில்லையே தவிர, முப்பத்தெட்டு வருடம் காதால் கேட்டிருக்கிறேன்! முதலில் மொச்சை கொதிக்கும், உடனே அந்தத் தண்ணீரைக் கொட்டும் சத்தம் வரும், மறுபடி குழாய்ச் சத்தம், ஆகவே முதல் தண்ணீர் ஆகாது. அப்புறம் கத்தி. வெங்காயம் நறுக்குவது பதினோரு நோட்டு நேரம் நடக்கும், அப்படியென்றால் மொச்சைக்கு நிகராக வெங்காயம். எண்ணெயில் விழுந்ததும் பெரிய இரைச்சல், பிறகு மெல்ல அடங்கி அடங்கி முணுமுணுப்பாகி, ஒரு வகுப்பின் நோட்டு மொத்தமும் திருத்தி முடிக்கிற வரைக்கும் அந்த முணுமுணுப்பு ஓயாது. அதன் பிறகு அடுப்பை அணைக்கிற "டக்". அந்த டக்குக்குப் பிறகுதான் மிளகாய்ப்பொடி டப்பா திறக்கும். ஒருநாள் வரிசை மாறிப்போய் அவர் கெட்ட வார்த்தை சொன்னதும் வீடெல்லாம் காந்தல் அடித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் மண்சட்டி ஓவனுக்குள் போய்க் கதவு சாத்துகிற சத்தம். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ச் செய்துவிட்டு, சரியா என்று தெரிந்துகொள்ள மறுபடி வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். யாராவது பார்த்திருந்தால் டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள்.

பதினோரு மணிக்குச் சட்டியை ஓவனிலிருந்து வெளியே எடுத்தேன். தெயோடோரா கையில் ஒரு சின்னப் பாட்டிலுடன் ஓடி வந்தாள், பளபளப்புக்காம். பெயர்ச்சீட்டைப் பார்க்காமலே "கிளிசரின்" என்றேன். "அதுக்கு மேல வார்னிஷ் கொஞ்சம் மேடம், ஆவி மாதிரி புகைக்கு வேற ஒண்ணு இருக்கு" என்றாள். சாப்பாட்டில் வார்னிஷ்! "யாராவது சாப்பிட்டா?" என்றேன். "யாரும் சாப்பிட மாட்டாங்க மேடம், இது சினிமா" என்றாள். மேசையில் வைத்த பண்டத்தை யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? பாட்டிலைப் பிடுங்கி என் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கையில் தடவிக்கொள்கிறேன், நல்ல கிளிசரின். அந்த நடிகைக்கு நகம் இவ்வளவு நீளம், சூடான சட்டியைத் தூக்கத் தெரியவில்லை, ஆகவே என் கைகளுக்கு அவள் சட்டையை மாட்டினார்கள். மூன்று தடவை தூக்கி மூன்று தடவை வைத்தேன்.

பிறகு இயக்குநர் தன் பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் அதைப் போட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். போயான், அதை எப்படிச் சொல்வது. சட்டியின் விளிம்பில் வெங்காயம் தேன் நிறத்தில் சுருண்டு, நுனியில் மட்டும் கருத்து, உள்ளே ஒவ்வொரு மொச்சையும் தோல் கிழியாமல் தனித்தனியாகச் சிவப்பு எண்ணெயில் கிடக்கிறது. நடுவில் ஒரு குமிழி அவசரமே இல்லாமல் எழும்பி, கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு உடைகிறது. உடைந்த இடத்திலிருந்து ஆவி. "இது என்னது?" என்று கேட்டேன். "உங்க சட்டிதான் டீச்சர்" என்றார். திரும்பப் போடச் சொன்னேன். அவருக்கு நேரமாகிறது, இருந்தாலும் போட்டார், நான்கு தடவை போட வைத்தேன். முப்பத்தெட்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் இதுதான் நடந்துகொண்டிருந்ததா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இத்தனை அழகாக ஒன்றைச் செய்துகொண்டிருந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மேல் கோபம். அப்புறம் நினைவு வந்தது, சொல்லியிருக்கிறார். "லியுபா, ஒரு நிமிஷம் இங்க திரும்பேன்" என்பார். "இந்த நோட்டு முடியட்டும்" என்பேன். எந்த நோட்டு, யாருடைய நோட்டு என்று இன்றைக்கு எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

ஒரு மணிக்கு அகலக் காட்சி. ஸ்லாவா மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள், வெந்த கோதுமை, ரொட்டி, ஒயின், சட்டி, எல்லாம் மேசையில், கேமரா ஓடுகிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. எதிர்வீட்டு செதோமிர், டயர் தொழிற்சாலையில் இருந்தாரே அவர்தான், கல்யாணத்துக்குப் போடும் கோட்டும் கையில் ஒயின் பாட்டிலுமாக, பின்னால் அவர் மனைவி வுகோசவா காப்பிப் பொட்டலத்துடன். "ஸ்லாவா வாழ்த்துகள் டீச்சர்! நிக்கோலா உங்க வீட்டைக் காப்பாத்தட்டும்!" வாசலில் நின்ற உதவியாளன் அவர் கோட்டைப் பிடித்து இழுக்கிறான். "யார்றா நீ? ஸ்லாவா வீட்டு வாசல்ல நின்னு ஆளைத் தடுக்கிற? எந்த ஊர்லடா பழகுன?" என்று அவனை ஒரே தள்ளு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் உறைத்தது, அன்றைக்கு மே இருபத்திரண்டு, கோடை நிக்கோலா! ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, மெழுகுவர்த்தியைப் பார்த்தால் வருவார்கள். டிசம்பரில் வைக்க முடியாததை டீச்சர் கோடையில் வைக்கிறாள் என்று நினைத்து உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். "இவ்வளவு சினிமாக்காரங்க நிக்கிறாங்களே, தெரியலையா?" என்றேன். "அவங்களும் ஸ்லாவாவுக்கு வந்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார் செதோமிர். உட்கார்ந்தவர் ஜன்னலைப் பார்த்தார். "ஏன் டீச்சர், உங்க வீட்டுக்கு மட்டும் பனி பெய்யுது?" சட்டிக்குள் பார்த்தார். "நோன்பே இல்லாத நாள்ல நோன்புச் சாப்பாடா? பரவால்ல, போடுங்க."

போடாமல் என்ன செய்வது சொல்? கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவரிடம் இது பொய் ஸ்லாவா, எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தட்டில் போட்டேன். தெயோடோரா தலையில் கை வைத்து, "ஐயோ மேடம், கன்டினியூட்டி! அடுத்த ஷாட்டுக்குச் சட்டி நிறைய இருக்கணும்!" என்று கத்துகிறாள். அதற்குள் மேல்வீட்டு இரட்டைப்பிள்ளைகளும் அவர்கள் அப்பாவும் வந்துவிட்டார்கள். செதோமிர் ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி. உங்க வீட்டுக்காரன் திஹோமிர் இதைவிட வெங்காயம் அதிகம் போடுவான். ஆனா டீச்சர், நீங்க செஞ்சதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான், எனக்கு அது போதும். விளக்குப் பையன்கள் சாப்பிட்டார்கள், வால் கட்டிய இயக்குநரும் சாப்பிட்டார், இரண்டு தடவை வாங்கினார். நான் உட்காரவே இல்லை, ஸ்லாவா வீட்டுக்காரர் உட்கார மாட்டார் அல்லவா, முழங்கால் கழன்று விழுகிற மாதிரி வலித்தது, உட்காரவில்லை. இரண்டரை மணிக்குச் சட்டி கழுவி வைத்த மாதிரி இருந்தது. "போகட்டும், மிச்சத்தைப் பெல்கிரேடில் எடுத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

ஆக, பன்றிக்குட்டி எப்படி வந்தது என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். சட்டி காலியானதால் வந்தது. இதை நான் கம்பெனிக்கு எழுதிய இரண்டு பக்கத்தில் எழுதவில்லை, பாதிரியாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அதனால் அவர்கள் குற்றம் ஒரு துளியும் குறையவில்லை. பெல்கிரேடில் மொச்சைக்குப் பஞ்சமா? ஊறப்போட ஒரு இரவு பொறுக்க முடியாதா? நம் சட்டியை இரண்டு தடவை வாங்கித் தின்ற மனிதன், விருந்தாகத் தெரியாது என்று ஆள் வைத்து எழுதுகிறான் என்றால் அவன் நாக்கை என்ன சொல்வது! நீயும் லேசுப்பட்டவன் இல்லை. ஆகஸ்டில் வெங்காயம் வதங்குவதை முதலிலிருந்து கடைசி வரை ஐம்பது நிமிடம் என் தொலைபேசியில் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டு முடித்துக்கொண்டாய். முழுதாகப் பார்த்தாயா? இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் நிறம் மாறும், அதைப் பார்க்காவிட்டால் ஒன்றுமே பார்க்கவில்லை. அடுக்களை மேசையையும் திருப்பிப் போட்டுவிட்டேன், இப்போது அடுப்பைப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

இனி டிக்கெட். போயான், போன டிசம்பர் பத்தொன்பதாம் தேதி நான் நிஷ் நகரத்துக்குப் போகவில்லை. அத்தையைக் கேட்டாலும் சொல்லுவாள். வீட்டுக்குள்தான் இருந்தேன். வெளியே பூட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்து, திரையை இழுத்துவிட்டு, கோட்டுடன் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், அவர் இல்லாத மேசையில் கடையில் வாங்கியதை வைத்து, அவர்கள் அதை மரியாதைக்கு மென்று விழுங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆறு தடவை கதவு தட்டினார்கள். நாம் அழைத்தவர்கள் என்றால் வரவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம், அழைக்காமல் வருகிறவர்களிடம் என்ன சொல்வது? செதோமிர், "டீச்சர்! டீச்சர்!" என்று கூப்பிட்டார், இரும்புப் பூட்டை ஆட்டிப் பார்த்தார், வுகோசவா "போகலாம் வா, விடு" என்றாள், அவர்கள் பூட்ஸுக்கடியில் பனி நொறுங்கிக்கொண்டு போகிற சத்தம் கடைசி வரை கேட்டது. உன்னிடம் பொய் சொன்னேன். ஒரு வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை எழுப்பி நிறுத்துவேன், இப்போது நானே எழுந்து நிற்கிறேன்.

மே மாதம் எல்லோரும் போன பிறகு வுகோசவா நின்று தட்டுத் துடைத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "டிசம்பர்ல திரை ஆடுனதை நான் பார்த்தேன் டீச்சர். அவர்கிட்ட சொல்லல" என்றாள். அவள் அடுத்த தட்டை எடுத்தாள். "சமைக்க வரலைன்னா சமைக்காதீங்க. ரொட்டியும் உப்பும் வெச்சாப் போதும். கதவை மட்டும் பூட்டாதீங்க. அன்னிக்கு நாங்க வீட்டுக்குப் போய் அந்த ஒயினைத் தொடவே இல்ல. அதான் இது, இன்னிக்கு நீங்க ஊத்துனது." இதைச் சொல்லிவிட்டு ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாள். கம்பெனிக்காரன் வெளிநாட்டுக்காரனைக் காட்டி, விருந்து என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்த வருகிறான்!

ஆகவே பதினேழாம் தேதி நான் வரவில்லை. டிக்கெட்டை இருபத்தொன்றுக்கு மாற்று, மாற்ற முடியாது என்று எழுதாதே, நீ மாற்றுவாய். மீன்காரரிடம் மூன்று கெண்டை சொல்லி வைத்துவிட்டேன், செதிள் எடுக்கிற சத்தம் எனக்குத் தெரியும், எடுக்கத் தெரியாது, அதைச் செதோமிர் வந்து சொல்லித்தருகிறேன் என்கிறார், திட்டிக்கொண்டேதான் சொல்லித்தருவார். ஸ்லாவா ரொட்டியை என்னுடன் சேர்த்துப் பிடித்துத் திருப்பி வெட்டுவதும் அவர்தான், நீ இங்கே இல்லாத குறைக்கு. மொச்சைக்கு உப்பு இந்தத் தடவை கூட. சில்யேயிடம் சொல், குழந்தைக்குக் கம்பளிக் காலுறை போடாமல் தரையில் விடவேண்டாம், அவர்கள் ஊரில் குளிர் பழக்கம் என்பாள், இருக்கட்டும், போடட்டும். நீ எஞ்சின் அறையிலிருந்து வியர்வையுடன் வெளியே வராதே. கடலில் போகிறவர்களுக்குத் துணை நிற்கிறவர் நம் நிக்கோலா, நீயும் கப்பலுக்குள் வேலை பார்க்கிறவன், உங்கள் மூன்று பேரையும் அவர் தன் கையை விட்டு இறக்காமல் வைத்துக்கொள்ளட்டும், உன் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

இருபத்தொன்றாம் தேதி விமான நிலையத்துக்கு நேரத்தோடு வா. சட்டியில் மொச்சை ஏதாவது மிஞ்சினால் ஒரு டப்பாவில் கொண்டுவருகிறேன். மிஞ்சக்கூடாது என்று வேண்டிக்கொள்.

என்றும் உன் அம்மா,
லியுபின்கா